ஐந்து பேர் கடந்த சாய்வில் ஆறாவது ஆள்

வாசகர் கேள்விகளுக்குப் பனிமலை வழிகாட்டி ஒருவரின் பதில்கள்

போன இதழில் பனிச்சரிவு பற்றி அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் அரைப் பக்கத்தில் அடங்குகிற மாதிரி இல்லை. எடுத்தவுடன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் மலையின் இறக்கத்துக்கும் 'சரிவு', அதிலிருந்து பனி பிய்த்துக்கொண்டு வருவதற்கும் 'சரிவு'. குழப்பம் வேண்டாம். நிற்கிற இறக்கத்தைச் 'சாய்வு' என்றும், ஓடி வருவதைப் 'பனிச்சரிவு' என்றும் எழுதுகிறேன்.

மலையில் சத்தமாகக் கத்தினால் பனிச்சரிவு வருமா? சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்?

வராது. தாராளமாகக் கத்துங்கள். மனிதக் குரல் காற்றில் உண்டாக்கும் அழுத்தம் மிகச் சிறியது. பனி அடுக்கை உடைக்க அது போதவே போதாது. வெடி வைத்துப் பனியை இறக்குகிறார்களே என்றால், அங்கே வேலை செய்வது வெடியின் அதிர்ச்சி அலை, காதில் விழும் ஓசை அல்ல.

பனியை உடைப்பது நம் எடை. மலையேறிகளும் பனிச்சறுக்காளர்களும் சிக்கும் விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில், பனிச்சரிவைக் கிளப்பியது மாட்டிக்கொண்டவரே, இல்லையென்றால் அவர் கூட வந்தவர். எங்கிருந்தோ உருண்டு வந்து தலையில் விழும் விதி என்று இதை நினைக்கிறோம். பெரும்பாலும் அதன் விசையை அமுக்குவது நம் கால்தான்.

பனி பொழிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. வானம் நீலம், காற்று இல்லை. அப்போதும் ஒரு குழு சிக்கியதாகப் படித்தேன். புதுப்பனிதானே ஆபத்து?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

மலையில் கிடக்கும் பனி ஒரே குவியல் இல்லை. ஒவ்வொரு பொழிவும், ஒவ்வொரு வெயிலும், ஒவ்வொரு காற்றும் ஒரு அடுக்கை விட்டுப் போகும். குழி தோண்டிப் பக்கச்சுவரைத் தூரிகையால் துடைத்தால், அந்தக் குளிர்காலம் முழுவதையும் கோடு கோடாகப் பார்க்கலாம். இதில் ஆள்கொல்லி எது? மேலே ஒன்றோடொன்று பிடித்துக் கெட்டிப்பட்ட பனி. அதற்குக் கீழே பிடிப்பே இல்லாத மெல்லிய அடுக்கு. மேலே உள்ளது பலகை. ஆங்கிலம் பழகியவர்கள் ஸ்லாப் என்பார்கள். கீழே உள்ளது நொறுங்கினால் பலகைக்குப் பிடிமானம் போகிறது, மொத்தமாக வழுக்குகிறது.

அந்த மெல்லிய அடுக்கு எப்படி வருகிறது என்று முதல்முறை கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 டிகிரி என்று வையுங்கள். பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால், அந்த 20 டிகிரி வித்தியாசம் 2 மீட்டருக்குப் பரவிவிடும். மீட்டருக்கு 10 டிகிரி. பனி 40 சென்டிமீட்டர்தான் என்றால்? மீட்டருக்கு 50 டிகிரி என்ற கணக்கு. மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே கீழேயிருந்து நீராவி வேகமாக மேலேறி, பனித்துகள்களின் உருவத்தையே மாற்றத் தொடங்கும். உருண்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய துகள்கள் பட்டை பட்டையாக, முனை முனையாக வளரும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரல் இடுக்கில் ஒழுகிப் போகும். உருண்டை பிடிக்க வராது. பனிப்பந்து எறிந்து விளையாட முடியாத பனியைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆகவே 'இந்த வருடம் பனி குறைவு, பயமில்லை' என்பது தலைகீழான கணக்கு. பருவத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்து, பிறகு வாரக்கணக்கில் தெளிந்த கடுங்குளிர் நிலவினால், அடித்தளமே சர்க்கரையாகிவிடும். அதன்மேல் பிற்பாடு எவ்வளவு கொட்டினாலும், மணலில் வைத்த பலகைதான்.

இன்னொரு வகை மேலே உருவாவது. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு இறகாகப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் பார்த்தால் அப்படி ஒரு அழகு. நடந்தால் கண்ணாடித் துண்டுகள் போலக் கிணுகிணுக்கும். எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அது மேலே இருக்கும்வரை ஒன்றுமில்லை. அடுத்த பொழிவு அதை மூடிவிட்டால், அங்கே நிற்க வைத்த சீட்டுக்கட்டு மாதிரி வாரக்கணக்கில் காத்திருக்கும்.

இப்போது உங்கள் ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். புதுப்பனி தன் எடையிலேயே அமுங்கி ஒன்றிரண்டு நாளில் நிலைப்படுவது உண்மை. ஆனால் அடியில் சர்க்கரையோ இறகோ இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஆபத்து வாரங்களுக்கு நீளும். வானத்தின் நிறத்துக்கும் பனிக்கு உள்ளே நடப்பதற்கும் அப்போது சம்பந்தம் கிடையாது. நீல வானம் நம்மை வீட்டை விட்டுக் கிளப்புகிறது என்பதுதான் அதன் பங்கு.

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் அபாய நிலை 3 என்று இருந்தது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே, போகலாமா?

இந்த 'ஐந்தில் மூன்று' பள்ளிக்கூட மதிப்பெண் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒப்புக்கொண்ட ஐந்து படி அளவு அது. சின்னச் சின்ன மாற்றங்களோடு வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. படிகள் ஒவ்வொன்றாகக் கூடுவது எண்ணில்தான். ஆபத்து ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டே போகும். 3 என்பதன் பொருள்: பல சாய்வுகளில் ஒரே ஒரு ஆளின் எடைக்கே பனிச்சரிவு கிளம்பக்கூடும். சுவிட்சர்லாந்தின் பதிவுகளில் பனிமலைப் பயணிகளின் சாவுகள் அதிகம் நடப்பதே இந்த 3இல்தான். 4, 5 வந்தால் பயம் தானாக வருகிறது, வீட்டில் இருந்துவிடுகிறோம். 5இல் ஆபத்து வீட்டுக்கே வரலாம் என்பது வேறு கதை. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்துக்குள் புகுந்த பனிச்சரிவில் 31 பேர் இறந்தார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எந்தத் திசைச் சாய்வு, எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைப் பனி என்று கீழே நாலு வரி எழுதியிருப்பார்கள். நான் முதலில் படிப்பது அந்த நாலு வரியைத்தான்.

சாய்வின் கோணம் முக்கியம் என்கிறீர்கள். கருவி இல்லாமல் எப்படி அளப்பது?

பலகைப் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புபவை. துரதிர்ஷ்டம், சறுக்குவதற்குச் சுகமான சாய்வும் அதுதான். கையில் ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல் இருக்கும் அல்லவா? ஒன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து, முனை மேல்பக்கச் சாய்வைத் தொடும்படி வையுங்கள். மறு முனையிலிருந்து இரண்டாவது கோலைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். முழுக் கோலும் இறங்கித்தான் பனியைத் தொடுகிறது என்றால் 45 டிகிரி. பாதிக் கோலிலேயே தொட்டுவிட்டால் சுமார் 27. பாதிக்கு மேல் கொஞ்சம் இறங்கினாலும் நீங்கள் ஆபத்தான எல்லைக்குள் வந்துவிட்டீர்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிற்கும் இடம் 15 டிகிரி என்று நிம்மதி அடையாதீர்கள். தலைக்கு மேலே 35 டிகிரி சாய்வு தொங்கிக்கொண்டிருந்தால், கீழே நீங்கள் நடந்தே அதைக் கிளப்ப முடியும். அடுக்கு நொறுங்குவது கீழிருந்து மேலேயும் ஓடும்.

எங்களுக்கு முன்னால் ஐந்து பேர் அதே சாய்வில் போன தடம் தெரிந்தது. அதை நம்பிப் போனோம், ஒன்றும் ஆகவில்லை. செய்தது தவறா?

ஒன்றும் ஆகாததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே விஷயம் இருக்கிறது.

ஒரு ஆளின் எடை பனிக்குள் வெகு ஆழம் போகாது. பெரும்பாலும் மேல் ஒரு மீட்டருக்குள் கரைந்துவிடும். பலகை தடிமனாக இருக்கும் இடத்தில் ஐந்து பேர் என்ன, ஐம்பது பேர் போனாலும் கீழுள்ள அடுக்குக்குச் செய்தி எட்டாது. அதே சாய்வில் ஒரு பாறையை ஒட்டியோ, ஒரு மேட்டின் மேலோ பலகை மெலிந்திருக்கும். ஆறாவது ஆள் போட்டோ எடுக்க இரண்டடி தள்ளி அங்கே நிற்கிறார். அடுக்கு நொறுங்குகிறது, அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் சாய்வு முழுக்க ஓடுகிறது. முன்னால் போன ஐந்து தடங்களும் சேர்ந்தே கீழே வரும். அந்தத் தடம் சொல்வது, 'இந்த ஐந்து இடத்தில் மிதித்தபோது உடையவில்லை' என்பதை மட்டும்.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஒரு பிப்ரவரியில் எட்டுப் பேரை அழைத்துப் போனேன். பயணத்தின் கடைசி நாள். காலையில் சமதளத்தில் நடக்கும்போது காலுக்கடியில் 'ஹும்ப்' என்று ஒரு சத்தம். பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விட்டது போல இருக்கும். அடியில் அடுக்கு நொறுங்கி, மேல்பனி ஒரு இழை கீழே இறங்கி உட்காரும் சத்தம் அது. மலை இதைவிடத் தெளிவாகப் பேசாது. கேட்டவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 'சமதளத்தில் இது சகஜம்' என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். இரண்டு நாளாக மேகம், அன்றைக்குத்தான் வெயில். எல்லோரும் ஆசையாக இருந்தார்கள். எனக்கு அந்த இடம் பத்து வருடப் பழக்கம். போதாததற்கு, எதிரே இருந்த சாய்வில் புதிதாக இரண்டு சறுக்குத் தடங்கள்.

மூன்றாவதாக இறங்கியவர் பாதி தூரம் போனபோது அவருக்கு மேலே ஒரு கோடு விழுந்தது. கத்தியால் கீறின மாதிரி நேர்கோடு. பிறகு அந்தப் பரப்பு முழுவதும் கண்ணாடி உடைந்தது போலத் துண்டு துண்டாகி நகர்ந்தது. பின்னால் அளந்தோம்: 60 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் தடிமன், 34 டிகிரி. '40 சென்டிமீட்டர்தானே, முழங்கால் அளவு' என்று தோன்றும். கன மீட்டருக்கு 200 கிலோ என்று போட்டாலே 190 டன் வருகிறது.

அவரை 70 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தோம். எட்டு நிமிடம் ஆனது. உதடு நீலம், தோள்பட்டை எலும்பு முறிவு, உயிர் இருந்தது. முதலில் கண்ணைத் திறந்து, 'மத்தவங்க?' என்றார்.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான விபத்துகளை அலசி ஒரு பட்டியல் போட்டார். பழகிய இடம் என்ற தெம்பு, மற்றவர்கள் முன் பெயர் வாங்கும் ஆசை, எடுத்த முடிவை விடாத பிடிவாதம், தலைவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, யாரும் மிதிக்காத பனிக்கு முந்திக்கொள்வது, ஆட்கள் இருப்பதைப் பார்த்து வரும் துணிச்சல். அன்றைக்கு என் குழுவிடம் இந்த ஆறில் குறைந்தது ஐந்து இருந்தது. அபாயக் குறிகள் கண்ணெதிரே இருந்தபோதும் பயிற்சி பெற்றவர்களே சிக்கியிருக்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புறப்படுமுன் காலையிலேயே, குளிரில் ஆசை குறைவாக இருக்கும்போது, 'இன்று போகாத சாய்வுகள்' என்று நோட்டில் எழுதிவிடுவேன். மதியம் அதில் திருத்தம் கிடையாது. குழுவில் யார் வேண்டாம் என்றாலும், காரணம் சொல்ல வராத புதியவராக இருந்தாலும், அது வேண்டாம்தான்.

குழி தோண்டிச் சோதனை செய்து பார்த்துவிட்டுப் போனால் பாதுகாப்புதானே?

பாதிப் பதில்: தோண்டுங்கள், கற்றுக்கொள்ளலாம். சாய்வின் குறுக்கே 90 சென்டிமீட்டரும் மேல்நோக்கி 30 சென்டிமீட்டருமாக ஒரு தூணைப் பனியிலிருந்து பிரித்து, அதன் ஒரு ஓரத்தில் பனிவாரியின் தட்டையை வைப்பது வழக்கம். பிறகு மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் ஒரே வீச்சில் தூணின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிவிட்டால், அன்றைக்கு அந்த மாதிரிச் சாய்வுகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மீதிப் பதில்: ஓடவில்லை என்றால் அது அனுமதிச் சீட்டு ஆகாது. பத்து மீட்டர் தள்ளித் தோண்டியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல மட்டும் என் குழிகளுக்கு உரிமை கொடுத்திருக்கிறேன். சரி என்று சொல்லும் உரிமை அவற்றுக்கு இல்லை.

வசந்த கால மலையேற்றத்திலும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு, வேறு மாதிரி. வெயிலில் உருகிய நீர் பனிக்குள் இறங்கிப் பிடிப்பைக் கரைக்கும். வடகோளத்தில் காலையில் கிழக்குச் சாய்வு, பிறகு தெற்கு, மாலையில் மேற்கு என்று சூரியனோடு ஆபத்து சுற்றிவரும். மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ, பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் சொதசொதவென்று இறங்கினாலோ, நேரம் கடந்துவிட்டது. இருட்டில் கிளம்பி மதியத்துக்கு முன் திரும்பிவிடுவதே வழி. இரவு மேகம் மூடியிருந்தால் பனி மறுபடி உறைந்திருக்காது. அன்று அதிகாலையும் நம்பத் தகுந்ததல்ல.

புதைந்தவர் எச்சில் துப்பிப் பார்த்து, அது விழும் திசையை வைத்து மேல்பக்கம் தோண்டலாமாமே? சியாச்சினில் ஒரு வீரர் ஆறு நாள் உயிரோடு இருந்தாரே?

மேல்பக்கம் எது என்று தெரிந்து என்ன செய்வீர்கள்? ஓடும்போது தண்ணீர் போல ஓடும் பனி, நின்ற மறுகணம் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது. நிற்பதற்கு முந்தைய சில நொடிகளில் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் பண்ண முடிந்தால், அதுதான் நம்மால் ஆகக்கூடியது.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் பத்து வீரர்கள் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாளுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் இறந்துபோனார். கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்தது என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்த வீரருக்குத் தலைவணங்குவோம், ஆனால் கணக்கை அதிலிருந்து போடக் கூடாது. முழுதாகப் புதைந்தவர்களைப் பற்றிய சுவிஸ் பதிவுகளை அலசி 2024இல் வெளிவந்த ஆய்வின்படி, பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியானால் மூன்று பேர். பெரும்பாலோர் சாவது குளிரால் அல்ல, மூச்சுத் திணறி. ஹெலிகாப்டர் வரும் நேரத்தை யோசித்தால் புரியும்: காப்பாற்றப் போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான். ஆகவே ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

காற்றுப்பை வைத்த முதுகுப்பை வாங்கலாமா? விலை அதிகம் என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

முதலில் மூன்று சாமான்கள், ஆளுக்கு ஒரு செட்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் சிறு ரேடியோக் கருவியான பீக்கன், குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பு, உலோகப் பனிவாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் சுமைதான். காற்றுப்பை மேலே மிதக்க உதவும், உண்மை. மரத்திலோ பாறையிலோ மோதினால் அது என்ன செய்யும்? அதற்குத் தரும் பணத்தில் முதலில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வாருங்கள்.

அப்புறம், வாங்கியதைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். ஒரு பீக்கனைப் பையில் போட்டு நண்பரை ஒளித்துவைக்கச் சொல்லி, கடிகாரம் பார்த்துத் தேடுங்கள். கையுறையோடு தேடுங்கள். கைபேசியைத் தள்ளி வையுங்கள். தேடும்போது அரை மீட்டருக்குள் இருந்தால் பீக்கனைக் குழப்பிவிடும். போன மாதம் என்னை அப்படிச் சோதித்தார்கள். ஆறு நிமிடம் ஆனது. அதில் இரண்டு நிமிடம், என் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றாமலே ஓடிக்கொண்டிருந்தேன்.